4800 டிபிஐ வைத்தால் ஸ்கேனர் ஏன் பாதியில் நிற்கிறது? பழைய போட்டோக்களைப் பதிவு செய்வோருக்கு ஓர் எளிய விளக்கம்

தேவகோட்டையிலிருந்து உறவுக்கார ஆச்சி ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, ஸ்கேனர் பாதியிலேயே நின்னுபோகுது. மூணு தடவை பார்த்துட்டேன். மெமரி பத்தலைன்னு எழுதி வருது. புது ஸ்கேனர் வாங்கணுமா, இல்லை கம்ப்யூட்டரை மாத்தணுமா?"

"எத்தனை டிபிஐ வச்சு எடுக்கிறீங்க ஆச்சி?"

"நாலாயிரத்து எண்ணூறு. சிங்கப்பூர்ல இருந்து மகன்தான் சொன்னான். இருக்கிறதிலேயே பெரிய நம்பரா வை, அப்பத்தான் படம் தெளிவா வரும்னு."

ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் நன்றாகத்தான் இருந்தன. அந்த எண்தான் கோளாறு. இதே கேள்வியைப் பலரும் கேட்டுவிட்டார்கள். முன்னோருக்குப் போடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள், முகப்பில் மாட்டிய படங்களையும் பெட்டகத்தில் கிடக்கும் ஆல்பங்களையும் பார்க்கிறார்கள், இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசையாகத் தொடங்குகிறார்கள். பத்துப் படம் தாண்டுவதற்குள் வேலை நின்றுவிடுகிறது. ஆல்பம் திரும்பப் பெட்டகத்துக்குள் போகிறது. அடுத்த மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் பூஞ்சை ஏறுகிறது. அந்த இழப்பை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். டிபிஐ என்றால் என்ன என்று ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டால் ஸ்கேனர் தொல்லைகளில் பெரும்பகுதி தானாகத் தீர்ந்துவிடும்.

புள்ளிக் கோலத்திலிருந்து தொடங்கலாம்

ஒரே வாசலில் ஏழு புள்ளிக் கோலமும் போடலாம், இருபத்தொரு புள்ளிக் கோலமும் போடலாம். வாசலின் அளவு மாறுவதில்லை. புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் குறைகிறது. இடைவெளி குறையக் குறைய நுணுக்கமான வளைவுகளைப் போட முடிகிறது.

ஸ்கேனர் செய்வதும் இதுதான். படத்தின் மேல் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் என்ன நிறம் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. அந்தப் புள்ளிதான் பிக்சல். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளி வைக்க வேண்டும் என்று நாம் சொல்லும் எண் டிபிஐ. 300 டிபிஐ என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி.

இனி கணக்கு. பெரும்பாலோர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். வரிசைக்கு 10 புள்ளி, 10 வரிசை என்றால் மொத்தம் 100. வரிசைக்கு 20 ஆக்கினால் வரிசைகளும் 20 ஆகிவிடும். மொத்தம் 400. எண்ணை இரண்டு மடங்காக்கினோம், புள்ளிகள் நான்கு மடங்காகிவிட்டன. டிபிஐயிலும் அப்படியே.

ஆல்பத்தில் இருக்கும் போஸ்ட்கார்டு சைஸ் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4 அங்குலம், 6 அங்குலம். 300 டிபிஐயில் அது 1,200 புள்ளி அகலம், 1,800 புள்ளி உயரம், மொத்தம் 21,60,000 புள்ளிகள். 600-ல் 86,40,000. 1200-ல் சுமார் மூன்றரைக் கோடி. 4800-ல் 55 கோடிக்கும் மேல்.

ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவுகளைக் கம்ப்யூட்டர் எழுதி வைக்கிறது. சாதாரணக் கலர் ஸ்கேனில் அளவு ஒன்றுக்கு ஒரு பைட். ஆகவே புள்ளிக்கு மூன்று பைட். அதே படம் 300-ல் ஆறரை எம்பி, 600-ல் 26 எம்பி, 1200-ல் 104 எம்பி, 4800-ல் சுமார் 1.66 ஜிபி. '48 பிட் கலர்' என்று ஒரு வசதி தெரியும். அதைத் தேர்ந்தெடுத்தால் இவை எல்லாம் இரட்டிப்பாகும்.

ஆச்சி விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. படம் சின்னதாக இருந்தாலும், எந்தப் பகுதியை எடுக்க வேண்டும் என்று அவர் ஸ்கேனருக்குச் சொல்லவில்லை. அது கண்ணாடி முழுவதையும், காலி இடத்தையும் சேர்த்து 4800-ல் எடுக்கப் போயிருக்கிறது. எட்டரைக்குப் பதினொன்றே முக்கால் அங்குலம் என்று வைத்தால் 230 கோடி புள்ளிகள், கிட்டத்தட்ட 7 ஜிபி. கம்ப்யூட்டர் வேலை செய்யும் இடமான ரேம் அவரிடம் 4 ஜிபிதான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: டிபிஐ என்பது புள்ளிகளின் நெருக்கம். அதை இரட்டிப்பாக்கினால் பைல் நான்கு மடங்காகும். எடுக்கும் பரப்பு கூடினாலும் பைல் கூடும்.

முற்றமும் களஞ்சியமும்

"ஹார்ட் டிஸ்க்ல 500 ஜிபி காலியா இருக்கே, அப்புறம் ஏன் மெமரி இல்லைங்குது?" என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். இரண்டு வேறு இடங்களை நாம் ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். நெல்லைச் சேர்த்து வைக்கக் களஞ்சியம் இருக்கிறது. ஆனால் களஞ்சியத்துக்குள் வைத்துக் காயப்போட முடியாது. காயவைக்க, கிளற, கல் பொறுக்க வளவு என்னும் உள்கட்டின் திறந்த முற்றத்தில்தான் பரப்ப வேண்டும். வேலை முடிந்த பிறகு அள்ளி உள்ளே கொட்டலாம். ஹார்ட் டிஸ்க் களஞ்சியம். ரேம் முற்றம். ரேம் என்பது கம்ப்யூட்டர் வேலை செய்து கொண்டிருக்கும்போது மட்டும் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்.

ஸ்கேனர் அனுப்பும் புள்ளிகள் முதலில் முற்றத்தில் விரிகின்றன. பத்து மூட்டைக்கு இடமுள்ள முற்றத்தில் இருபது மூட்டையைக் கொட்டினால் என்ன செய்வோம்? கொஞ்சத்தை அள்ளித் திண்ணையில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது தூக்கி வருவோம். கம்ப்யூட்டரும் ரேம் நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க்கில் ஓரமாக ஓர் இடத்தைத் திண்ணையாக்கிக்கொண்டு முன்னும் பின்னும் தூக்கிச் சுமக்கிறது. டிஸ்க் ரேமைவிடப் பலமடங்கு மெதுவானது. மௌஸ் நகராமல் ஒட்டிக்கொள்வதும், டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்குவதும் இந்தச் சுமக்கும் வேலையால்தான். திண்ணையும் நிறைந்தால் "மெமரி போதவில்லை" என்று சொல்லி நின்றுவிடும்.

ஜேபெக்காகச் சேமித்தால் பைல் சின்னதாகிவிடுமே என்று சிலர் கேட்கிறார்கள். ஜேபெக் என்பது படத்தைச் சுருக்கி மூட்டை கட்டும் முறை. களஞ்சியத்தில்தான் அது சின்னது. திறந்து பார்க்கும்போதும் திருத்தும்போதும் மூட்டையை அவிழ்த்து முழுவதையும் முற்றத்தில் கொட்டியாக வேண்டும்.

ரேம் தாராளமாக இருந்தும் ஸ்கேனர் நிற்பதுண்டு. இதைப் புரிந்துகொள்ளாமல் ரேம் வாங்கிப் போட்டுப் பணத்தைச் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். பழைய ஸ்கேனர்களோடு வந்த மென்பொருள்கள் பல 32 பிட் வகை. அவற்றால் பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேல் ரேமைக் கையாள முடியாது. வீட்டில் எத்தனை கட்டு இருந்தால் என்ன, கையில் முதல் கட்டின் சாவி மட்டும்தானே இருக்கிறது? 16 ஜிபி ரேம் இருக்கும் கம்ப்யூட்டரிலும் இந்த மென்பொருள் 2 ஜிபியைத் தொட்டதும் திகைத்து நிற்கும்.

சுருக்கமாக: "மெமரி இல்லை" என்ற செய்தி பெரும்பாலும் ரேமைப் பற்றியது. ஒன்று ரேம் போதவில்லை, அல்லது ரேம் இருந்தும் மென்பொருளுக்கு அதை எட்டிப்பிடிக்க முடியவில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. தேவையில்லாத புள்ளிகளைக் கேட்காதீர்கள்.

தாளில் இருப்பதுதான் வரும்

சரி, எத்தனை புள்ளி தேவை? இதைப் பேசித் தீர்ப்பதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. ஆச்சி வீட்டுக்குப் போனபோது அவருடைய கல்யாணப் படத்தை வைத்தே பார்த்தோம். கறுப்பு வெள்ளைப் படம், போஸ்ட்கார்டு அளவு. மணப்பெண் கழுத்தில் எங்கள் பக்கத்துக் கல்யாண நகையான கழுத்துரு. அந்தக் கழுத்துருவைச் சுற்றி ஓர் அங்குலச் சதுரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, 300, 600, 1200 என்று மூன்று முறை ஸ்கேன் செய்தோம். மூன்றையும் திரையில் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

300-ல் உருக்கள் ஒன்றோடொன்று ஒட்டி வெளிறிய பட்டைபோலத் தெரிந்தன. 600-ல் ஒவ்வோர் உருவும் தனித்தனியாகப் பிரிந்தது. நடுவில் இருந்த ஏத்தனம் என்ற பெரிய உருவின் ஓரத்தில் நிழல்கூடத் தெரிந்தது. "ஆமா, இது எங்க அப்பத்தா போட்டிருந்தது" என்று ஆச்சி திரையைத் தொட்டுக் காட்டினார். ஆவலாக 1200-ஐப் பார்த்தோம். உருக்களில் புதிதாக எதுவும் தெரியவில்லை. அதே ஓரம், அதே நிழல். கூடுதலாக வந்தது தாளின் மேற்பரப்பில் இருந்த சொரசொரப்பும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு கீறல்களும்தான்.

படத்தை அச்சிட்ட அன்றே அதில் எவ்வளவு நுணுக்கம் இருக்கும் என்பது முடிவாகிவிட்டது. லென்ஸ், பிலிம், பெரிதாக்கிய விதம், தாள் எல்லாம் சேர்ந்து முடிவு செய்தது அது. கிணற்றில் இருக்கும் தண்ணீர்தான் வாளியில் வரும். லேபில் அச்சிட்ட சாதாரணக் கலர் போட்டோவில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 300 புள்ளி அளவுக்குத்தான் விஷயம் இருக்கும். 600 வைத்தால் அதில் இருப்பது அத்தனையும் வந்துவிடும். கூடவே நல்ல இடைவெளியும் மிஞ்சும். வீட்டு ஆல்பத்துக்கு என் கருத்து 600தான். அதில் எடுத்த 4க்கு 6 படத்தை 8க்கு 12 அங்குலமாகப் பெரிதாக்கி அச்சிட்டாலும் அங்குலத்துக்கு 300 புள்ளி கிடைக்கும்.

விதிவிலக்குகள் உண்டு. அந்தக் காலச் சின்னப் படங்கள் சிலவற்றை நெகட்டிவைத் தாளின் மேலேயே நேராக வைத்து, பெரிதாக்காமல் அச்சிட்டார்கள். அவற்றில் நுணுக்கம் அடர்த்தியாக இருக்கும். பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கும் இவற்றுக்கும் 1200 தகும். நெகட்டிவ் கதையே வேறு. 35 மிமீ நெகட்டிவ் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல் அகலம்தான். அந்தச் சின்ன இடத்தில் முழுப் படமும் அடங்கியிருப்பதால் 2400 அல்லது 3200 நியாயமானது. பரப்பு சின்னது என்பதால் பைலும் கைக்குள் நிற்கும். ஆனால் நெகட்டிவுக்கு மூடியில் விளக்குள்ள ஸ்கேனர் வேண்டும். சாதாரண ஸ்கேனரில் வைத்தால் கறுப்பாகத்தான் வரும். அது பழுதல்ல.

ஸ்கேனர் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. '4800 x 9600' என்று இருந்தால், முதல் எண் உணரியில் உண்மையாக இருக்கும் கண்களின் நெருக்கம். இதற்கு ஆப்டிகல் ரெசல்யூஷன் என்று பெயர். இரண்டாவது மோட்டார் எவ்வளவு நுண்ணிய அடியாக நகரும் என்பது. அதற்கும் மேலே 19200 என்று ஏதாவது தெரிந்தால், பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் தானே ஊகித்து இடையில் நிரப்பும் புள்ளிகள் அவை. எதிர்பாராத விருந்தாளிகள் வந்ததும் ரசத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பெருக்குவது மாதிரி. அளவு கூடும், சாரம் கூடாது.

நின்றுபோனால் எங்கே பார்ப்பது

ஆச்சி வீட்டில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பிரிவியூவை அழுத்தினோம். இது கண்ணாடி முழுவதையும் மங்கலாக, வேகமாகக் காட்டும் முன்னோட்டம். பிறகு மௌஸால் படத்தைச் சுற்றிக் கட்டம் இழுத்தோம். படத்தின் ஓரம் வெட்டுப்படாமல் ஒரு நூல் இடம் விட்டோம். டிபிஐயை 600 ஆக்கினோம். கலர் 48 பிட்டில் இல்லை, சாதாரண 24 பிட்டில்தான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டோம். 7 ஜிபி கேட்டுக்கொண்டிருந்த வேலை 26 எம்பியில் அடங்கிவிட்டது. படம் ஒரு நிமிடத்துக்குள் வந்தது. பெரும்பாலான வீடுகளில் இதோடு கதை முடிந்துவிடும்.

முடியாவிட்டால் ரேமை வேறு யார் தின்கிறார்கள் என்று பாருங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பிரவுசரில் இருபது பக்கம் திறந்து கிடந்தால் அதுவே ஒன்றிரண்டு ஜிபியை எடுத்துக்கொண்டிருக்கும். மூடுங்கள். அடுத்து சி டிரைவ். படங்களை டி டிரைவில் சேமித்தாலும் ஸ்கேனர் மென்பொருள் பாதி வேலையை வைக்கும் தற்காலிக இடம் வழக்கமாக சி-யில்தான் இருக்கும். அது நிறைந்திருந்தால் டி-யில் எவ்வளவு காலி இருந்தும் பயனில்லை.

படம் எல்லாம் நன்றாக வந்து, பென் டிரைவில் ஏற்றும்போது மட்டும் பெரிய பைல் ஏறாமல் அடம்பிடித்தால், அந்த பென் டிரைவ் 'ஃபேட்32' என்ற முறையில் அமைக்கப்பட்டிருக்கலாம். 4 ஜிபி அளவைத் தொடும் தனிப் பைலை அது ஏற்காது. 600-ல் எடுத்த போட்டோ எதுவும் அந்த அளவை நெருங்காது.

சில சமயம் கம்ப்யூட்டர் ஸ்கேனரையே கண்டுகொள்ளாது. கம்ப்யூட்டரும் கருவியும் பேசிக்கொள்ள உதவும் மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். 64 பிட் விண்டோஸ் பழைய 32 பிட் டிரைவரை ஏற்காது. கம்ப்யூட்டரை மாற்றியதும் நல்ல ஸ்கேனர் செத்துப்போனதுபோலத் தெரிவது இதனால்தான். ஸ்கேனர் தயாரித்தவர்களின் தளத்தில் புது டிரைவர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டாலும் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். வியூஸ்கேன் என்ற மென்பொருள் பல பழைய ஸ்கேனர்களோடு தானே பேசக்கூடியது. அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.

கனமான பழைய ஸ்கேனரை ஊர்விட்டு ஊர் கொண்டுவந்ததும் கர்கர் என்று அரைக்கும் சத்தம் வந்தால், உடனே நிறுத்திவிட்டு அடியில் பாருங்கள். பயணத்தில் உள்ளே இருக்கும் தலை ஆடாமலிருக்க ஒரு பூட்டு இருக்கும். அதை விடுவிக்க மறந்திருப்பீர்கள்.

கோடு எந்தத் திசையில் ஓடுகிறது?

படத்தின் குறுக்கே கோடு விழுந்தால் எல்லோரும் "ஸ்கேனர் போச்சு" என்கிறார்கள். கோட்டின் திசையைப் பார்த்தால் காரணம் தெரியும்.

ஸ்கேனருக்குள் ஒரு தலை கண்ணாடியின் நீளவாக்கில் நகர்கிறது. தெருக்கூட்டும் வாரியல் மாதிரி, தலையின் அகலம் முழுவதும் சின்னச் சின்னக் கண்கள். கூட்டிக்கொண்டே போகும்போது ஒரு குச்சி மட்டும் ஒடிந்திருந்தால் தெரு நெடுகிலும் ஒரே கோடாகக் குப்பை மிஞ்சும், இல்லையா? அப்படித்தான் ஏதோ ஒரு கண்ணை மட்டும் தூசி மறைத்தால், தலை நகரும் திசையிலேயே, படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேர்கோடு விழும். தூசி கண்ணின் மேலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. கண்ணாடியின் தொடக்கத்தில் உள்பக்கமாக ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் "வெள்ளை என்றால் இதுதான்" என்று ஸ்கேனர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. அந்தப் பட்டையில் ஒரு துளி தூசி இருந்தாலும் அந்தக் கண் தவறாகக் கற்றுக்கொண்டு, கடைசிவரை தவறாகவே சொல்லிக்கொண்டு போகும். கண்ணாடியின் மேல்புறத்தில் இருக்கும் தூசி அப்படிச் செய்யாது. அது இருக்கும் இடத்தில் ஒரு புள்ளியாக மட்டும் விழும்.

தலை நகரும் திசைக்குக் குறுக்காக வெட்டுப்போல் கோடு விழுந்தாலோ, ஓர் இடத்திலிருந்து கீழே படம் கொஞ்சம் விலகித் தெரிந்தாலோ, அது தூசி அல்ல. புள்ளிகளைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளத் தாமதித்தால் தலை நின்று, சற்றுப் பின்னால் வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். உயர் டிபிஐயில் 'டக் டக்' என்று விட்டு விட்டுக் கேட்கும் சத்தம் இதுதான். விட்ட இடத்தில் சரியாகப் பொருந்தாவிட்டால் ஒட்டுப்போட்டது தெரியும். கேபிளை ஹப் வழியாகச் செருகாமல் கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகுங்கள், நீளமான நீட்டிப்புக் கேபிள் வேண்டாம், டிபிஐயைக் குறையுங்கள். லேப்டாப் என்றால் பாதியில் தூங்கிப்போகாதபடி ஸ்லீப் அமைப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, நெடுக ஓடும் கோட்டுக்குக் காரணம் உள்ளே இருக்கும் தூசி, குறுக்கே விழும் கோட்டுக்குக் கேபிள். கண்ணாடியைத் துடைக்கும்போது துணியில்தான் திரவத்தைத் தெளிக்க வேண்டும், கண்ணாடியின் மேல் நேராகத் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

சட்டத்துக்குள் இருக்கும் படங்கள்

இதுதான் நம் ஊர்களில் மிக முக்கியமானது, கைவைக்கும் முன் நிதானிக்க வேண்டியதும் இதுதான். முகப்பில் வரிசையாக மாட்டிய பெரிய படங்கள் பல பத்தாண்டுகளாகச் சட்டத்துக்குள் கண்ணாடியோடு அழுந்திக் கிடக்கின்றன. போட்டோத் தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரக்காற்று பட்டால் அது இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேன் எடுக்கும் அவசரத்தில் ஒருமுறை எங்கள் ஐயா படத்தைச் சட்டத்திலிருந்து உரித்தேன். ஐயாவின் இடது கன்னம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. தாளில் வெள்ளையாக ஒரு தழும்பு. இன்றைக்கும் அந்தக் கண்ணாடித் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒட்டியிருப்பதுபோலத் தெரிந்தால் உரிக்காதீர்கள். கத்தி விடாதீர்கள், தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். இங்கேதான் ஸ்கேனர் வகை முக்கியமாகிறது. மெல்லிய, எடை குறைந்த, யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும் ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. அவற்றின் கண்கள் கண்ணாடிக்கு மிக அருகில் இருக்கின்றன. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள்தான் அவற்றுக்குத் துல்லியமாகத் தெரியும். இரண்டு மிமீ தள்ளிப்போனாலே மங்கிவிடும். கனமான பழைய வகை சிசிடி. உள்ளே கண்ணாடிகளும் லென்ஸும் வைத்துப் படத்தைச் சற்றுத் தூரத்திலிருந்து பார்ப்பதால், சுருண்ட படமும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் படமும் அதில் ஓரளவு தெளிவாக வரும். "4800-ல் எடுத்தும் மங்கலா இருக்கே" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, படம் ஸ்கேனர் கண்ணாடியில் படிந்து கிடந்ததா என்றுதான். மங்கியதை எத்தனை நெருக்கமாகப் புள்ளி வைத்து எடுத்தாலும் அது மங்கியதுதான்.

சிசிடி இல்லாவிட்டால் நல்ல கேமராவோ போனோ போதும். படத்தை வளவில், நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, கேமராவைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுங்கள். எதிரில் கறுப்புத் துணி ஒன்றைப் பிடிக்கச் சொன்னால் கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு போய்விடும்.

வழவழப்பான படங்களை ஸ்கேனர் கண்ணாடியில் அழுத்தி வைக்கும்போது வானவில் வளையங்கள் தெரிவதுண்டு. இரண்டு பரப்புகளும் ஏறத்தாழ ஒட்டி, நடுவே நூலிழை காற்று மட்டும் மிஞ்சும்போது ஒளி இப்படிப் பிரியும். அழுத்துவதைக் குறைத்தால் குறையும். பத்திரிகையில் வந்த படங்களில் அலை அலையாகக் கோலம் தெரிந்தால், அச்சகத்தின் மைப்புள்ளிகளும் ஸ்கேனரின் புள்ளிகளும் மோதிக்கொள்கின்றன என்று அர்த்தம். மென்பொருளில் 'டீஸ்கிரீன்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போடுங்கள்.

மூலம் ஒன்று, நகல் பல

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் இருந்து ரோஜா முத்தையா செட்டியார் தம் வீட்டில் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1994 முதல் சென்னையில் அவர் பெயரில் நூலகமாக இயங்குகின்றன. அங்கே பழைய நூல்களை மைக்ரோஃபிலிமில் பதிந்து வைத்தார்கள். தாள் நொறுங்கினாலும் உள்ளடக்கம் நிற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். வீட்டு ஆல்பத்துக்கும் அதே வழி. ஸ்கேன் செய்ததும் டிஃப் வடிவில் ஒன்றைச் சேமித்து, அதைத் தொடாமல் வையுங்கள். டிஃப்பில் படத்தின் தகவல் எதுவும் இழக்காமல் பதிவாகும். நிறம் சரிசெய்வது, கீறல் நீக்குவது எல்லாம் நகலில். உறவினருக்கு அனுப்ப ஜேபெக் நகல் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது இன்னும் நசுக்கும், டாக்குமென்டாக அனுப்புங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே எடுப்பது என் வழக்கம். நிறமில்லாமல் பதியும் கிரேஸ்கேலில் பைல் மூன்றில் ஒரு பங்காகும் என்பது உண்மைதான். ஆனால் பழுப்பேறிய தாளின் நிறமும் ஓரத்துக் கறையும் அதில் போய்விடுகின்றன.

ஆச்சி வீட்டில் அன்று கடைசியாக எடுத்த படம் ரங்கூனில் எடுத்தது. வேட்டி, துண்டோடு நான்கு பேர், நடுவில் ஒரு சின்னப் பையன். முன்பக்கம் 600-ல் முடிந்ததும் ஆச்சி படத்தை எடுத்து ஆல்பத்தில் செருகப் போனார். திருப்பி வைக்கச் சொன்னேன். பின்னால் பென்சிலில் ஒரு வரி, பாதி அழிந்தது: "விக்கிரம வருஷம் தை மாசம், ரங்கூன்." விக்கிரம வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. 2000-01-ல் வந்தது, அதற்கு முன் 1940-41-ல். அப்படியானால் இது 1941 தை. அந்த டிசம்பரில்தான் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன.

எழுத்துக்கு 300 போதும். மென்பொருளில் கான்ட்ராஸ்டை ஏற்றியதும் தாளில் தெரியாமல் இருந்த இன்னொரு சொல் பென்சில் தடத்தில் எழும்பி வந்தது. அது பையனின் பெயர். ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். பிறகு தானே கீபோர்டை இழுத்துப் பைலுக்குப் பெயர் அடித்தார்: 1941 தை, ரங்கூன், பின்பக்கம். ஆறரை எம்பி.